பிள்ளையின் பெட்டியில் கத்தி வைக்கும் முன்...

பிரிட்டனுக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைக்குப் பழம் நறுக்க உதவுமே என்று மடக்குக் கத்தி ஒன்றையும் வைத்து அனுப்பும் பெற்றோர் உண்டு. எந்தக் கத்தி என்பதில் கவனம் தேவை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத சாதாரண மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கலாம். விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு இந்தச் சலுகை இல்லை. தகுந்த காரணமின்றி அதை வைத்திருந்தால் 4 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம்.

விரலால் லேசாகத் தள்ளினாலே உள்ளிருக்கும் ஸ்பிரிங் மீதியைத் திறந்துவிடும் கத்தி இன்னும் ஆபத்தானது. பொத்தான் கைப்பிடியில் இருந்தால்தான் தடை என்று முன்பு சட்டம் இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம், விசை கத்தியின் எந்தப் பகுதியில் இருந்தாலும் தடை என்று மாற்றியது. 2021 ஜூலை 14 முதல் அதை வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம்.

அமெரிக்காவில் 2009இல் கூட்டாட்சிச் சட்டம் இவ்வகைக் கத்திக்கு விலக்கு அளித்தது. அமெரிக்க விளம்பரத்தில் "சட்டபூர்வமானது" என்று இருப்பதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அது பிரிட்டனில் செல்லாது.

விசா பெற்றுச் செல்வது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆன் (5:1) ஏவுகிறது. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர், யாருக்கும் காயம் ஏற்படாதவாறு அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள் (புகாரி). குத்தும் எண்ணம் இல்லாதவருக்கும் இந்தக் கட்டளை உண்டு. "என் எண்ணம் நல்லது" என்பது மட்டும் போதாது.

பழம் நறுக்கும் கத்தியை அங்கேயே வாங்கி, சமையலறையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக!