ஆண்களின் மறைவிடத்தில் வலிக்கும் கட்டி: எப்போது வைத்தியரிடம் செல்ல வேண்டும்?

மண்சரிவுக்குப் பின் லயத்துக்குத் திரும்பும் நாட்களில் தகரம், பலகை, அரிசி மூட்டை என்று ஆண்கள் பாரம் தூக்க வேண்டியிருக்கும். கவட்டிலோ விதைப்பையிலோ வீக்கம் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

உடனே செல்லுங்கள்: விதையில் திடீரென்று கடும் வலி, வாந்தி, ஒரு விதை மேலேறி இருத்தல் ஆகியவை விதை முறுக்கிக்கொண்டதைக் காட்டலாம். 12 முதல் 18 வயதுப் பையன்களிடம் இது அதிகம். வெட்கத்தால் "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள். 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். எண்ணெய் தேய்க்காதீர்கள், விடியும்வரை காத்திருக்காதீர்கள், உணவு கொடுக்காதீர்கள். குடலிறக்க வீக்கம் இறுகி வலித்து, படுத்தாலும் உள்ளே போகாவிட்டால் அதுவும் அவசரமே. 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

அன்றோ மறுநாளோ செல்லுங்கள்: காய்ச்சல், சிறுநீர் எரிவுடன் வீக்கம் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். புண்ணோ சீழோ இருந்தால் அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவும் இரகசியமாகவும் பார்ப்பார்கள்.

மயிர்க்காலில் வரும் சிறு கட்டியைப் பிதுக்காமல் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுங்கள். விதையில் வலியில்லாத கடினக் கட்டியையும் வைத்தியரிடம் காட்டுங்கள். புற்றுநோயாகவும் இருக்கலாம், முதலிலேயே கண்டால் குணமாக்கலாம்.