பேப்பர்ல போட்டது அப்படியே நடந்திருந்தா..?

"பேப்பர்லயே போட்டுட்டான்!" - ஒரு காலத்தில் டீக்கடை விவாதங்களுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்த வாக்கியம் இது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆனால், உலகப் புகழ்பெற்ற பத்திரிகைகளே சில நாள்களில் தலைப்பில் சறுக்கியிருக்கின்றன. அந்தத் தலைப்புகளை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் கற்பனைக் குதிரையைத் தட்டிவிடலாம்!

நிலாவில் வௌவால் மனிதர்கள் - 1835

ஆகஸ்ட் 25, 1835. நியூயார்க்கின் 'தி சன்' பத்திரிகை ஒரு தொடரைத் தொடங்கியது. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவில் பிரமாண்ட தொலைநோக்கி வைத்து நிலாவைப் பார்த்தாராம். அங்கே ஒற்றைக் கொம்பு ஆடுகள், இரண்டு காலில் நடந்து குடிசை கட்டி வாழும் நீர்நாய் போன்ற பிராணிகள், இறக்கை முளைத்த வௌவால் மனிதர்கள் என்று ஆறு பாகங்களுக்கு அளந்துவிட்டார்கள். ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவில் இருந்தது நிஜம். தன் பெயரில் நிலாவில் ஒரு ஊரையே குடியேற்றிவிட்டார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது!

அது உண்மையாக இருந்திருந்தால்? ஆறாம் நாளே நியூயார்க் புரோக்கர்கள் 'நிலாவில் நிலம், தண்ணீர் வசதியுடன்' என்று போர்டு வைத்திருப்பார்கள். வௌவால் மனிதர்களும் பதிலுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிப் பூமியைப் பார்த்திருப்பார்கள். மறுநாள் அவர்கள் ஊர்ப் பேப்பரில் தலைப்பு: 'பூமியில் விநோதப் பிராணி. காகிதத்தில் எழுதியதையெல்லாம் நம்புகிறது!'

பறக்காத பறக்கும் இயந்திரங்கள் - 1903

அக்டோபர் 9, 1903. அதற்கு இரண்டு நாள் முன்புதான் சாமுவேல் லாங்லி என்ற விஞ்ஞானியின் விமானம் கிளம்பிய வேகத்தில் ஆற்றில் விழுந்திருந்தது. விடுமா 'நியூயார்க் டைம்ஸ்'? 'பறக்காத பறக்கும் இயந்திரங்கள்' என்று தலைப்புப் போட்டு, மனிதன் பறக்கப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் வரை ஆகலாம் என்று கணக்கும் சொன்னது.

சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் அந்தக் கணக்கை நம்பியிருந்தால் காட்சி இப்படித்தான் இருந்திருக்கும்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு வருஷம் இருக்கு?"

"ஒரு கோடியில ஒரு நாள் கழிஞ்சிருக்குடா தம்பி. அதுவரைக்கும் அந்த சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டு!"

நல்லவேளை, அவர்கள் ஒட்டிக்கொண்டு உட்காரவில்லை. டிசம்பர் 17 அன்று தம்பி ஆர்வில் 12 விநாடிகள் வானில் பறந்தார். ஒரு கோடி ஆண்டு வேலை 69 நாளில் முடிந்தது!

நட்சத்திரங்கள் இடம் மாறின - 1919

1919 மே மாத சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்களை வைத்து, சூரியனுக்கு அருகே வரும் ஒளி வளைகிறது என்று லண்டனில் அறிவித்தார்கள் விஞ்ஞானிகள். ஐன்ஸ்டீன் சொன்னது சரியாகிவிட்டது. இந்தச் செய்தியைச் சேகரிக்க 'நியூயார்க் டைம்ஸ்' அனுப்பியது, கோல்ஃப் போட்டிகளைப் பற்றி எழுதும் நிருபரை!

நவம்பர் 10-ம் தேதி வந்த தலைப்பு வரிகளில், வானத்து வெளிச்சமெல்லாம் கோணிக்கொண்டது, நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு, 'ஆனால், யாரும் கவலைப்பட வேண்டாம்' என்று ஆறுதலும் சேர்த்தார்கள். யாராவது "கவலைப்படாதீங்க" என்று சொன்ன பிறகுதானே கவலையே ஆரம்பிக்கும்? அன்று இரவு அமெரிக்கா முழுக்க மொட்டைமாடியில் ஆள்கள். "நேத்து அந்த நட்சத்திரம் எதிர்வீட்டு புகைபோக்கிக்கு நேரா இருந்துச்சே!" என்று புகார்கள். ஜோசியர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். ஜாதகம் பலிக்காதவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "நான் சரியாத்தான் கணிச்சேன். நட்சத்திரம்தான் நகர்ந்துடுச்சு!"

வால் ஸ்ட்ரீட் முட்டை போட்டது - 1929

அமெரிக்க நாடகக்காரர்களின் வழக்கில் 'முட்டை போடுவது' என்றால் மேடையில் படுதோல்வி அடைவது. நம்மூர்ப் பரீட்சையில் முட்டை வாங்குவதற்குக் கிட்டத்தட்ட சொந்தக்காரன். 1929 அக்டோபர் 29-ல் பங்குச்சந்தை நொறுங்கி விழ, சினிமா, நாடகப் பத்திரிகையான 'வெரைட்டி' மறுநாள் 'வால் ஸ்ட்ரீட் முட்டை போட்டது' என்று தலைப்பு வைத்தது.

அதை அப்படியே நம்பிய கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கூடையுடன் வால் ஸ்ட்ரீட்டுக்கு வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"முட்டை எங்கேங்க?"

கசங்கிய கோட்டுடன் நின்ற புரோக்கர் கையிலிருந்த பத்திரங்களை நீட்டுகிறார். "இதுதான். அடைகாத்துப் பாருங்க."

"எத்தனை நாள்ல பொரியும்?"

கேள்வி சிரிப்பாக இருக்கலாம். பதில் சிரிப்பாக இல்லை. 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளில் இருந்த டவ் ஜோன்ஸ் குறியீடு, 1932-ல் 41 வரை விழுந்தது. பழைய உயரத்தைத் தொட்டது 1954-ல். 25 ஆண்டு அடைகாத்த முட்டை அது!

தோற்காதவர் தோற்றார் - 1948

அமெரிக்க அதிபர் தேர்தல். அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தால் 'சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்' வழக்கத்தைவிட முன்னதாகவே அச்சுக்குப் போக வேண்டிய கட்டாயம். ஓட்டு எண்ணிக்கை முடியவில்லை. அனுபவசாலி நிருபரின் கணிப்பை நம்பி, 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி' என்று கொட்டை எழுத்தில் அடித்துவிட்டார்கள். ஜெயித்தது ட்ரூமன்! செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அதே பேப்பரைத் தூக்கிப் பிடித்து அவர் சிரித்த படம் இன்றும் உலகப் பிரசித்தம்.

பேப்பர் சொன்னதே சட்டம் என்றிருந்தால்? டூயி பெட்டி படுக்கையுடன் வெள்ளை மாளிகை வாசலில் வந்து நிற்கிறார்.

"யார் சார் நீங்க?"

"அதிபர். இதோ பேப்பர்லயே போட்டிருக்கு."

"போட்டிருக்கு சார். ஆனா உள்ளே இருக்கறவர் எங்களுக்குச் சம்பளம் போடறாரே!"

சண்டை போட்டு உள்ளே போயிருந்தாலும் டூயிக்கு லாபம் இல்லை. வெள்ளை மாளிகை அப்போது இடிந்து விழும் நிலையில் இருந்தது. ட்ரூமன் மகளின் பியானோ கால், தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. மராமத்து முடியும்வரை, 1952 வரைக்கும் ட்ரூமன் குடும்பம் எதிர்ப்புற வீட்டில்தான் இருந்தது. ஜெயித்தவருக்கு ரிப்பேர் வீடு. தோற்றவருக்கு நிம்மதி!

நிஜமாகியிருக்க வேண்டிய தலைப்பு - 1912

இத்தனை தப்புத் தலைப்புகளிலும் ஒன்றே ஒன்று நிஜமாகியிருக்கக் கூடாதா என்று ஏங்க வைக்கும். ஏப்ரல் 15, 1912. பால்டிமோரின் 'ஈவ்னிங் சன்', டைட்டானிக் பயணிகள் அனைவரும் பத்திரம் என்று செய்தி போட்டது. குழம்பிய தகவல்களால் வந்த பிழை. அந்தப் பேப்பர் கைக்கு வந்தபோது கப்பல் மூழ்கிப் பல மணி நேரம் ஆகியிருந்தது. இறந்தவர்கள் சுமார் 1,500 பேர்.

அது மட்டும் பலித்திருந்தால், காப்பாற்ற வந்த 'கார்பேத்தியா' கப்பலில் உட்கார இடமிருந்திருக்காது. நனைந்த வயலினைப் பிழிந்தபடி இசைக்குழுவினர் புலம்பியிருப்பார்கள். யாரோ ஒருவர், "காபி ஆறிப்போச்சு" என்று சண்டை போட்டிருப்பார். அந்தச் சண்டையைக் கேட்கத்தான் கரையில் அத்தனை குடும்பங்கள் காத்திருந்தன. அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்த வீடுகளை நினைத்தால், அவசரப்பட்டு அச்சடித்த ஒரு வரியின் கனம் புரியும். இப்போது அச்சகம் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. 'ஃபார்வர்டு' என்ற பட்டன்தான் அது.

கடைசியாக, பேப்பர் அல்ல... ரேடியோ. 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. பிபிசி செய்தி நேரம் வந்தது. "இன்று செய்தி ஏதுமில்லை" என்றார் அறிவிப்பாளர். மீதி நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள். அவ்வளவுதான்.

இன்று ராத்திரி உங்கள் போன் அப்படி அறிவித்தால் எப்படி இருக்கும்? வீட்டில் எல்லோரும் முதலில் சார்ஜரைத் தேடுவார்கள். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து, "சரி... உனக்கு இன்னிக்கு என்ன ஆச்சு, சொல்லு" என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். அதைவிட நல்ல தலைப்புச் செய்தி வேறென்ன வேண்டும்!