வயிற்று அமிலம் நமக்கு எதிரியா?

"விடியக்காலையிலே ஒரு தேத்தண்ணியக் குடிச்சிட்டு மலைக்குப் போறேன். பத்து மணிக்கெல்லாம் நெஞ்சு எரியுது, புளிச்ச ஏப்பம் வருது." தோட்ட டிஸ்பென்சரிக்கு வரும் அக்காமார், அண்ணன்மார் பலர் சொல்லும் கதை இது. "அமிலம் கூடிப்போச்சு" என்று ஆளுக்கொரு மாத்திரையை வாங்கி விழுங்கிவிடுகிறோம். ஆனால் அந்த அமிலம் ஏன் சுரக்கிறது? அதை யார் நிறுத்துகிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டால் வயிற்றைக் காக்கும் வழியும் தெரிந்துவிடும்.

ஒரு தொழிலாளியின் வயிறு சொன்ன பாடம்

வட அமெரிக்காவில் மக்கினாக் என்ற தீவில், 1822ஆம் ஆண்டு, அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. ஆள் பிழைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த துவாரம் மூடவே இல்லை. வைத்தியம் செய்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ட், இறைச்சித் துண்டை நூலில் கட்டி அதற்குள் விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தார். உணவு உள்ளே போனதும் சாறு ஊறுவதையும், அந்தச் சாறு இறைச்சியைக் கரைப்பதையும், கோபம் வந்தால் செரிமானம் கெடுவதையும் கண்டு 1833இல் புத்தகமாக எழுதினார்.

சாறு எங்கே ஊறுகிறது?

இரைப்பையின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகள் நிறைய உண்டு. அங்கே மூன்று வேலை நடக்கிறது. சில கலங்கள் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. சில கலங்கள் இறைச்சி, பருப்பு போன்றவற்றின் புரதத்தை உடைக்கும் பெப்சினைப் பக்குவமாகாத நிலையில் அனுப்புகின்றன. அமிலம் பட்ட பிறகுதான் அது வேலைக்கு இறங்கும். இன்னும் சில கலங்கள் வழுவழுப்பான சளியைச் சுரந்து சுவரைப் பூசி வைக்கின்றன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லீற்றர் சாறு ஊறுகிறது.

அமிலம் கிருமிகளைக் கொல்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவுகிறது. ஆகவே அது எதிரியல்ல, நம்ம வீட்டு ஆள்தான்.

தொடங்கச் சொல்வது யார்? நிறுத்தச் சொல்வது யார்?

ரொட்டி சுடும் வாசனை வந்ததுமே மூளையிலிருந்து நரம்பு வழியாக வயிற்றுக்குச் செய்தி போகிறது. சாப்பாடு வருமுன்பே சாறு ஊறத் தொடங்கும். செரிமானத்தை ஆராய்ந்து இதை விளக்கிய ரஷ்ய அறிஞர் பாவ்லோவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவு வந்து விழுந்ததும் காஸ்ட்ரின் என்ற ஓமோன் இரத்தத்தில் கலந்து, "இன்னும் சுர" என்று தூண்டுகிறது. அமிலம் போதுமான அளவுக்கு வந்ததும் வேறொரு ஓமோன் "போதும்" என்கிறது. உணவு சிறுகுடலுக்குப் போனதும் அங்கிருந்தும் நிறுத்தச் சொல்லிச் செய்தி வரும். பிரட்டில் பேர் கூப்பிட்டு வேலை கொடுப்பதுபோல, இங்கேயும் எல்லாம் கணக்காக நடக்கிறது.

தேத்தண்ணியும் அமிலத்தைத் தூண்டும். சாப்பாடு இருந்தால் அது அமிலத்தை ஏற்றுக்கொள்ளும். வெறும் வயிற்றில் ஏற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அதனால்தான் பலருக்கு எரிகிறது.

புண் எப்படி வருகிறது?

"கோவமும் மிளகாயும்தான் காரணம்" என்று முன்பு எல்லோரும் நம்பினார்கள். மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் இரைப்பைப் புண்ணுக்கு முக்கிய காரணங்கள் இரண்டு.

ஒன்று, எலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி. இதை அவுஸ்திரேலிய வைத்தியர்களான மார்ஷலும் வாரனும் 1982இல் கண்டுபிடித்தார்கள். உலகம் நம்பாதபோது, 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து நோயாளியாகிக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வைத்தியர் தரும் மருந்தை நாள் தவறாமல் முடித்தால் இந்தக் கிருமியை அழித்துவிடலாம். "எரிச்சல் நின்னுட்டுதே" என்று பாதியில் விடக்கூடாது.

மற்றது, வலி மாத்திரை. கொழுந்துக்கூடை சுமந்து தோளும் இடுப்பும் வலிக்கிறதென்று டிக்ளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் எடுக்கிறோம். இவை வலியைக் குறைக்கும்போதே சுவரைக் காக்கும் சளியையும் குறைத்துவிடுகின்றன. பிறகு நம் அமிலமே நம் சுவரைத் தின்கிறது. சாப்பிட்டபின் எடுத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் இரத்தத்தின் வழியாகவும் இந்தக் கெடுதி நடக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

• வேலைக்குப் போகுமுன் இரண்டு வாய் ரொட்டியாவது சாப்பிடுங்கள்.
• சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.
• வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கித் தினமும் விழுங்காதீர்கள். வைத்தியர் சொல்லி எடுப்பவர்கள், வயிறு எரிந்தால் அவரிடமே கேளுங்கள்.
• ஒமிப்பிரசோல் தந்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு எடுங்கள்.
• சுருட்டு, பீடி, சிகரட் புண்ணை ஆறவிடாது. சாராயமும் கசிப்பும் வயிற்றுச் சுவரைக் கெடுக்கும்.

தாமதிக்கவே கூடாத அறிகுறிகள்

தார்போலக் கறுப்பாக, ஒட்டும் தன்மையோடு, கெட்ட நாற்றத்தோடு மலம் போனாலும், இரத்த வாந்தி எடுத்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனாலும் சந்தேகம் வந்தால் காட்டிவிடுவதே நல்லது. காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலும், சாப்பாடு விழுங்கக் கஷ்டமாக இருந்தாலும் வைத்தியரைப் பாருங்கள். நெஞ்செரிவோடு வியர்த்து, கை, தாடைப் பக்கம் வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது "கேஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டு லயத்தில் இருந்துவிடாதீர்கள்.

ஒரு நாள் பேர் போடாவிட்டால் மறுநாள் போட்டுக்கொள்ளலாம். ஆளைக் காப்பாற்றுவதுதான் முதல்.