நீலத்தாள் வழியே நிறம் பார்த்தல்

பழைய வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியே பயணம் செய்ததில்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்போரும் அதே ஒளிபரப்பைப் பார்க்க முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட என்டிஎஸ்சி முறையில், படத்தின் ஒளிர்வு ஒரு சிக்னலாகவும், நிறம் பற்றிய செய்தி ஏறத்தாழ 3.58 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட துணை ஊர்தி அலையின் மீது ஏறியும் வந்தன. அந்த அலையின் வீச்சு நிறத்தின் செறிவைக் குறிக்க, அதன் கட்டம், அதாவது ஆதார அலை ஒன்றைவிட அது எவ்வளவு முந்தி அல்லது பிந்தி நிற்கிறது என்ற அளவு, அது எந்த நிறம் என்பதைக் குறித்தது. இவற்றைப் பிரித்து மூன்று நிறங்களாக்கித் திரைக்குக் கொடுக்கும் மின்சுற்றே டிகோடர்.

ஆதார அலையின் சிறு துண்டு ஒன்று ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், படம் தொடங்குவதற்குச் சற்று முன், எட்டுக்குக் குறையாத சுழற்சிகளாக வந்து சேரும். கச்சேரியில் தம்புரா விடாமல் சுருதி கொடுப்பதைப் போன்றது இது. வரும் வழியில் கட்டம் சில பாகை பிசகினாலே முகங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ சாய்ந்துவிடுமாதலால், அதைத் திருத்த அமெரிக்கப் பெட்டிகளில் 'டின்ட்' என்ற திருகு தேவைப்பட்டது. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் புரூக் 1960களின் தொடக்கத்தில் வகுத்த பிஏஎல் முறையில், நிறச் செய்தியின் ஒரு கூறு வரிக்கு வரி தலைகீழாக அனுப்பப்பட்டு, அடுத்தடுத்த இரு வரிகளின் பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டமையால், நிறம் மாறாமல் செறிவு மட்டும் சிறிது குறைந்தது. 1982இல் தொடங்கிய இந்திய வண்ண ஒளிபரப்பு இம்முறையையே பின்பற்றியது.

டிகோடரைச் சரிபார்க்க ஒளிபரப்புத் துறையினர் பயன்படுத்தும் நிறப்பட்டைப் படத்தில் சாம்பல், மஞ்சள், பச்சைநீலம், பச்சை, மெஜந்தா, சிவப்பு, நீலம் என ஏழு பட்டைகள் வரிசையாக நிற்கும். இதைத் திரையில் வைத்து, அடர்நீல வடிகட்டித் தாள் ஒன்றின் வழியே பார்த்தால் மஞ்சளும் பச்சையும் சிவப்பும் கறுத்துப்போக, மற்ற நான்கு மட்டும் நீலமாக எஞ்சும். அந்நான்கிலும் நீலத்தின் அளவு ஒன்றே என்பதால், டிகோடர் சரியாக இருந்தால் நான்கும் ஒரே பிரகாசத்தோடு தோன்றியாக வேண்டும். இந்தச் சோதனையின் நுட்பம் சாம்பல் பட்டையில்தான் இருக்கிறது. சாம்பலில் நிறச் செய்தி இல்லை. எனவே நிறச் செறிவைக் கூட்டிக் குறைக்கும் 'கலர்' திருகை எப்பக்கம் திருப்பினாலும் அது அசையாது. அசையாத அந்தப் பட்டையை அளவுகோலாகக் கொண்டு நீலப் பட்டையை அதற்கு இணையாக்குவது முதல் வேலை. டின்ட் திருகைத் திருப்பும்போது ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் பச்சைநீலத்தையும் மெஜந்தாவையும் சமமாக்குவது அடுத்த வேலை. இந்த நான்கு பட்டைகள் ஒவ்வொன்றின் அடியிலும் அதன் இணைப்பட்டை சிறு துண்டாக ஒட்டி வைக்கப்பட்டிருப்பதால், அளவு பொருந்திய கணத்தில் இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு கரைந்து மறைவதைக் கண்ணாலேயே காணலாம்.

நீலம் சரியாக இருந்தும் சிவப்பு பொங்கி நிற்பது உண்டு. சிவப்புத்தாள் வழியே பார்க்கும்போது சிவப்புப் பட்டை சாம்பல் பட்டையைவிடப் பளிச்சென்று தெரிந்தால், அந்தப் பெட்டியில் டிகோடரே சிவப்பைக் கூட்டிக் கொடுக்கிறது என்று பொருள். கடையில் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, 6500 கெல்வின் அளவில் இருக்க வேண்டிய வெண்மை நீலச் சாயலுக்கு உயர்த்தப்படுகிறது; அதனால் முகங்கள் வெளிறிப்போகவே, அதை மறைக்கச் சிவப்பு கூட்டப்படுகிறது. புளி தூக்கலாகிவிட்ட குழம்பில் மிளகாய்த்தூளை அள்ளிப் போடுகிற வேலைதான் இது. முகம் தேறினாலும் குங்குமமும் செம்பட்டும் நெசவு தெரியாமல் ஒரே திட்டாக எரியும். பொறுக்காமல் கலரைக் குறைத்தால் வயலின் பசுமை செத்துப்போகும். கலர் திருகு எல்லா நிறங்களையும் சேர்த்தே ஏற்றி இறக்குமாதலால் இதற்கு அதனிடம் மருந்தில்லை; சிவப்புக்கான பெருக்கத்தை மட்டும் மெக்கானிக் உள்ளே குறைத்தால்தான் தீரும்.

ஒளிப்பதிவாளரும் நிறம் திருத்துநரும் நாள்கணக்கில் உட்கார்ந்து தேர்ந்த சாயல்கள் வீட்டுக்கு வந்ததும் இப்படிச் சிதைவது வருந்தத்தக்கது. கடை விளக்கு வெளிச்சத்துக்கென வைக்கப்படும் 'விவிட்' அமைப்பை வீட்டுக்கு வந்த பிறகும் மாற்றாமல் விடும் வழக்கமே இன்று பெருங்கேடு. டிஜிட்டல் சிக்னலில் பழைய கட்டப் பிழை கிடையாது. ஆகையால் டின்ட் அளவை நடுவிலேயே விட்டுவிடலாம். நீலத்தாளும் எல்லாத் திரைக்கும் பொருந்துவதில்லை. திரையின் பச்சை ஒளி சிறிது கசிந்து வந்தாலும் கணக்குத் தப்பிவிடும் என்பதால், திரையை நீலத்தில் மட்டும் காட்டும் வசதி பெட்டியின் அமைப்புகளில் இருந்தால் தாளை விட்டுவிட்டு அதையே பயன்படுத்துவது நலம்.