பட்டன் கெட்டதா, போர்டு போனதா?

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் தமிழ்நாட்டு மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினியே அதுதான். அதை வைத்துப் படித்தவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள். லேப்டாப் பரண்மேல் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் வரும் பதில்: "ஆன் ஆவ மாட்டேங்குது."

கொஞ்சம் கிளறினால் கதை நீளும். முதலில் இரண்டு தடவை அழுத்தினால் வந்தது. பிறகு ஐந்தாறு தடவை. அப்புறம் ஓரத்தில் நகத்தை வைத்துச் சாய்வாக அமுக்கினால்தான் வந்தது. ஒருநாள் அதுவும் நின்றது. கடையில் காட்டினால் "போர்டு போயிடுச்சு" என்றார்கள். போர்டு விலையைக் கேட்டதும் பையில் போட்டுப் பரணுக்கு ஏற்றியாயிற்று.

இப்படி அழுத்தும் விதத்தைப் பொறுத்து வருவதும் வராததுமாக இருந்து, படிப்படியாக நின்றுபோன லேப்டாப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது போர்டை அல்ல. மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள, சில ரூபாய் விலையுள்ள ஒரு சுவிட்சை. அதை நம்பிப் பார்க்க, அந்தப் பட்டன் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஃபேன் சுவிட்சைப் போட்டால் ஃபேனுக்குப் போகும் மின்சாரம் அந்தச் சுவிட்ச் வழியாகவே போகிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த மேசைக் கணினிகளும் அப்படித்தான்: முன்பக்கப் பட்டனின் பின்னால் தடித்த ஒயர், அதில் 230 வோல்ட். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பும், 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறையும் இதை மாற்றின. இன்றைய லேப்டாப் பட்டன் மின்சாரத்தைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. அது ஒரு காலிங் பெல். உள்ளே இருக்கும் ஆளுக்குச் செய்தி சொல்கிறது, அவ்வளவுதான். கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர் இஷ்டம்.

உள்ளே இருக்கும் அந்த ஆள், போர்டில் உள்ள ஒரு சிறிய சிப். புத்தகத்தில் அதற்கு எம்பெடெட் கன்ட்ரோலர் என்று பெயர். சர்வீஸ் கடைகளில் 'ஐஓ' என்பார்கள். தைவானின் ஐடிஇ, நுவோட்டான் போன்ற நிறுவனங்கள் செய்பவை. லேப்டாப்பை நிறுத்தி மூடி வைத்திருக்கும்போதும் இந்த சிப் முழுதாக உறங்குவதில்லை. பட்டனின் ஒரு முனையில் பெரும்பாலான மாடல்களில் 3.3 வோல்ட் எப்போதும் காத்திருக்கும். அழுத்தியதும் அந்த முனை தரையோடு (கிரவுண்ட்) சேர்ந்து, வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழுகிறது. சிப் அதைக் கவனித்து, பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்கிறதா, சார்ஜர் சரியானதா என்று பார்த்து, பிறகு செய்தியை மேலே அனுப்புகிறது. அதன்பின் மெமரிக்கும் பிராசஸருக்கும் உரிய வோல்டேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. இவ்வளவும் நடக்க ஒரு வினாடிகூட ஆகாது. உலோகம் உலோகத்தோடு மோதும்போது சில மில்லிவினாடி துள்ளும் என்பதால், அந்தத் துள்ளலைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடாமல் சற்றுப் பொறுத்துப் பார்க்கவும் ஏற்பாடு உண்டு. பட்டன்மேல் வட்டத்தைப் பிளந்து நிற்கும் கோடு, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் குறியீட்டில் 'காத்திருப்பு நிலை'யைத்தான் சொல்கிறது. முழு வட்டம்தான் 'மின்சாரம் இல்லை'.

இந்தச் சுவிட்சைக் கடையில் டாக்ட் சுவிட்ச் என்பார்கள். உள்ளே குவிந்த ஒரு உலோகத் தகடு. அமுக்கினால் 'டிக்' என்று உள்வாங்கி இரண்டு முனைகளையும் இணைக்கும். சாதாரண வகைக்கே ஒரு லட்சம் அழுத்தம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அழுத்தினாலும் 27 ஆண்டு வர வேண்டும். ஆகவே "அழுத்தி அழுத்தித் தேஞ்சு போச்சு" என்ற விளக்கம் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

பின்னே எதனால் கெடுகிறது? இந்தப் பட்டன் வழியாக ஓடும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. வீட்டு விளக்குச் சுவிட்சில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பொறி தட்டும். அது தொடுமுனையில் படிந்த அழுக்கைக் கொஞ்சம் எரித்துவிடும். லேப்டாப் பட்டனில் பொறி தட்டுவதற்கே வழியில்லை. தொடுமுனையில் மெல்லிய ஆக்சைடு படலமோ, வியர்வை உப்போ, தூசியோ படிந்தால் படிந்ததுதான். மின்னோட்டத்துக்கு அதைத் துளைக்கும் தெம்பு கிடையாது. நகத்தை வைத்துச் சாய்த்து அமுக்கினால் வருவது ஏன் என்றால், தகடு வேறு கோணத்தில் உரசிப் படலம் இல்லாத இடத்தைத் தொட்டுவிடுகிறது. மரக்காணம் உப்பளக் காற்று வீசும் ஊர்களில் இந்த வியாதி இன்னும் சீக்கிரம் வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

சுவிட்ச் நன்றாக இருந்து, அதன் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியின் காலோ தாங்கியோ முறிந்திருக்கலாம். அல்லது பட்டன் இருக்கும் சிறு போர்டிலிருந்து பெரிய போர்டுக்குப் போகும் ரிப்பன் கேபிள், ஸ்ட்ரிப் என்பார்களே, அது தளர்ந்திருக்கலாம். பையில் போட்டு பஸ்ஸில் அடிபட்ட லேப்டாப்களில் இதைப் பார்க்கலாம். ஒருமுறை கழற்றி மாட்டிய பின் தொடங்கிய கோளாறு என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ரிப்பைச் சந்தேகிக்கலாம்.

இனி சோதனை. கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே பாதி உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம்.

சார்ஜரைச் செருகினால் பக்கத்திலுள்ள சிறு விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் முதலில் சார்ஜரையும் அதன் துவாரத்தையும் பாருங்கள். பட்டனைத் திட்டிப் பயனில்லை. விளக்கு எரிகிறது, பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை இருட்டு என்றால், பட்டன் தன் வேலையை முடித்துவிட்டது. ரேம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினால் உயிர் வரும் லேப்டாப்கள் இந்த வகையில் ஏராளம். இதையும் "பட்டன் வேலை செய்யல" என்றே சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள்.

விளக்கு எரிகிறது, அழுத்தினால் சத்தமே இல்லை என்றால், சார்ஜரை எடுத்துவிட்டு, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றி, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி அழுத்திப் பாருங்கள். ஐஓ சிப்பும் ஒரு குட்டிக் கணினிதான். அதுவும் சில சமயம் மலைத்து நின்றுவிடும். மிச்சமிருந்த மின்னூட்டம் வடிந்ததும் புதிதாகத் தொடங்கும். இதைச் செய்தால் வருகிறது, சில நாளில் மறுபடி வரவில்லை, மறுபடி இதையே செய்தால் வருகிறது என்றால் பட்டன் நிரபராதி. கோளாறு பேட்டரியிலோ, சார்ஜரிலோ, சிப்பிலோ.

பலர் செய்யாத சோதனை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எப்படியோ லேப்டாப் ஆன் ஆகிவிட்ட ஒரு நல்ல நேரத்தில், விண்டோஸ் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், பவர் பட்டனை அழுத்தினால் திரை மட்டும் அணைய வேண்டும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது பட்டனை இருபது தடவை அழுத்துங்கள், ஒவ்வொன்றும் ஒரு கணம் மட்டும். இருபதும் பிடித்தால் பட்டன் சரி; ஆன் ஆகாததற்குக் காரணம் வேறெங்கோ. ஏழெட்டு தவறினால் வழக்கு முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் சோதிப்பதால், வோல்டேஜ் எழுவதில் உள்ள சிக்கல் எதுவும் இதில் கலப்பதில்லை.

பட்டன் இணையாமல் போவதற்கு நேர் எதிரான நோயும் உண்டு: இணைந்தபடியே சிக்கிக்கொள்வது. பட்டனை நான்கு வினாடிக்கு மேல் பிடித்தால் லேப்டாப் கட்டாயமாக அணைய வேண்டும் என்பது ஏசிபிஐ விதி. சில மாடல்களில் இன்னும் சில வினாடி கூடுதல். டீ சிந்திப் பிசுபிசுத்த பட்டன் உள்ளேயே நின்றுவிட்டால், லேப்டாப் ஆன் ஆகும், சில வினாடியில் பொட்டென்று அணையும். சூடாகி அணையும் லேப்டாப் இத்தனை துல்லியமாக அணையாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளியில் அணைந்தால் பட்டனைத் தடவிப் பாருங்கள்.

பட்டன்தான் என்று உறுதியாகிவிட்டது, கடைக்குப் போக இப்போது நேரமில்லை என்றால், அதைத் தொடாமலே சில காலம் ஓட்டலாம். அணைப்பதற்குப் பதிலாக ஸ்லீப்பில் போட்டு, மூடியைத் திறந்து எழுப்புங்கள். சில மாடல்களின் பயாஸ் அமைப்பில், சார்ஜர் செருகியதும் தானாக ஆன் ஆவது, குறித்த நேரத்தில் ஆன் ஆவது என்ற வசதிகள் இருக்கும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கட்டைவிரலால் பலமாக அமுக்குவது. தொடுமுனை சுத்தமாவதற்குப் பதிலாகச் சுவிட்சின் ஈயப் பற்று பிளந்துகொள்ளும்.

கடையில் நடக்க வேண்டிய வேலை எளிது. மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்துச் சுவிட்சின் முனைகளைத் தொட்டால், அழுத்தும்போது பீப், விட்டால் அமைதி. மின்தடையை ஓமில் பார்த்தால் நல்ல சுவிட்ச் ஒன்றுக்கும் கீழே காட்டும். கெட்டது பத்து, நூறு என்று ஆடும். நான்கு கால் சுவிட்சில் இரண்டிரண்டு கால்கள் உள்ளுக்குள் முன்பே இணைந்திருக்கும்; தெரியாதவர் அந்த ஜோடியைத் தொட்டுவிட்டு "ஷார்ட்" என்பார், கவனம். படலத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுக் கழுவினால் சில மாதம் ஓடும். மாற்றிப் பற்றவைப்பதே நிரந்தரம். சிறு போர்டு, ஸ்ட்ரிப் எல்லாம் உள்ளூரில் இல்லாவிட்டாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம்.

நனைந்த லேப்டாப்புக்கு இந்தச் சோதனைகள் எதுவும் பொருந்தாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படித் தண்ணீர் புகுந்த வீட்டில் லேப்டாப்பைக் கண்டெடுத்ததும் கை தானாகப் பட்டனுக்குத்தான் போகும். போகக் கூடாது. மேலே சொன்ன 3.3 வோல்ட் எப்போதும் நிற்கிறது அல்லவா? அணைத்து வைத்த லேப்டாப்பிலும் பேட்டரி இருக்கும்வரை, ஈரம் பட்ட செம்பை அது அரித்துக்கொண்டே இருக்கும். அழுத்தினாலோ மற்ற வோல்டேஜ்களும் எழுந்து அரிப்பு ஷார்ட்டாக மாறும். முதல் வேலை பேட்டரியைப் பிரிப்பது. உள்ளே பொருத்திய பேட்டரி என்றால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திறக்கச் சொல்வது. அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் அரிசிதான் வீண்.

புதிய லேப்டாப்களில் நிலைமை முன்னேறவில்லை, பின்னேறியிருக்கிறது என்பேன். பல மாடல்களில் பவர் பட்டன் விசைப்பலகையின் வலது மேல்மூலையில், டெலீட் விசைக்குப் பக்கத்தில் இன்னொரு விசையாகவே உட்கார்ந்திருக்கிறது. அது கெட்டால் விசைப்பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். பல மாடல்களில் விசைப்பலகையும் பிளாஸ்டிக் ரிவெட்டுகளால் மேல்தகட்டோடு அறையப்பட்டிருக்கும். சில ரூபாய் சுவிட்சுக்காகச் சில ஆயிரம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தரப்படும் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இப்படி மொத்தமாக வாங்கும்போது, பட்டன் தனிச் சிறு போர்டில் இருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் பிற்காலத்தில் எவ்வளவோ பணம் மிச்சமாகும்.

பரண்மேல் இருப்பதை இறக்கிக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: "அண்ணா, சார்ஜர் போட்டு இருக்கும்போது சுவிட்ச் முனையில 3.3 வோல்ட் வருதா?" வருகிறது, அந்த முனையைத் தரையோடு தொட்டால் லேப்டாப்பும் எழுகிறது என்றால், போர்டு மாற்றப் பணம் கொடுக்காதீர்கள்.