ஆளறிந்து அளிக்கும் மருந்து

ஆயுள்வேதம் என்பது ஆயுளைப் பற்றிய அறிவு எனப் பொருள்படும். வந்த பிணியைத் தீர்க்கும் வழியோடு, பிணி வாராது வாழும் நெறியையும் அது கூறுகின்றது. சரகர் பெயரால் வழங்கும் சங்கிதை உள்மருந்தினையும், சுசுருதர் பெயரால் வழங்குவது அறுவை வைத்தியத்தையும் சிறப்பாக விரித்துரைப்பன. பின்வந்த வாக்படர் இவற்றின் சாரத்தைத் திரட்டி அட்டாங்க இருதயம் என்னும் நூலாகத் தந்தார்.

வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்பது நலம். மிகினும் குறையினும் நோய். இதுவே இவ்வைத்தியத்தின் அடிப்படை. இம்மூன்றும் இக்கால உடலியலார் கருவிகொண்டு அளந்தறியும் பொருள்களல்ல. நோயாளியிடம் கண்ட குறிகளை வகுத்தறிதற்குப் பண்டை வைத்தியர் கைக்கொண்ட முறையென அவற்றைக் கொள்ளலாம். அறுசுவைகளும் இவற்றோடு இயைத்துரைக்கப்படும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு என்பன கபத்தை வளர்த்து வாதத்தைத் தணிக்கும். கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்பன கபத்தைத் தணித்து வாதத்தை வளர்க்கும். ஆதலின், உண்ணும் சோறும் கறியுமே மருந்தாகவும் நோய்க்கு ஏதுவாகவும் அமைதல் கூடும்.

இருவர் இருமலோடு பரியாரியாரிடம் செல்கின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒருவர் மெலிந்தவர், இரவிலே வறட்டிருமலால் உறக்கமின்றித் துன்புறுபவர். மற்றவர் பருத்தவர், காலையிலே சளி மிகுந்து வருந்துபவர். பின்னவருக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகைத் தேனிற் குழைத்துக் கொடுப்பார். முன்னவருக்கு அவ்வுறைப்பு வறட்சியை மிகுவிக்குமென அஞ்சி, அதிமதுரமும் நெய்யும் போன்ற குளிர்ச்சியானவற்றை நாடுவார். நோயின் பெயர் ஒன்றாயினும் மருந்து வேறாயிற்று. நாடி, நா, நிறம், குரல், விழி, உடற்சூடு, மலம், சிறுநீர் என எட்டையும் அவர் ஆராய்வதன் நோக்கம் இதுவே.

சரகர் நூல் வைத்தியன், மருந்து, பணிபுரிவோன், நோயாளி என நான்கினைச் சிகிச்சையின் உறுப்புக்களாகக் கூறும். திருக்குறளும் மருந்து என்னும் அதிகாரத்தில் இந்நான்கினையே கூறுகின்றது. சரக்குகளை இடித்து, எட்டிலொன்றாய் வற்றக் காய்ச்சிக் கசாயம் வடிப்பவர் வீட்டிலுள்ளோர். பத்தியம் காப்பவர் நோயாளி. கிரந்தியுடையார் கத்தரிக்காயும் இறாலும் விலக்குவதை யாழ்ப்பாணத்திற் சிறுவரும் அறிவர்.

இவ்வைத்தியம் இலங்கைக்குப் புதிதன்று. மிகிந்தலையிலே பண்டை வைத்தியசாலையொன்றின் இடிபாடுகளிடையே மனித உடல்வடிவாகக் குடைந்த கற்றொட்டியொன்று உண்டு. நோயாளியை மூலிகைநீரிலோ எண்ணெயிலோ கிடத்துதற்கு அது பயன்பட்டதென்பர். யாழ்ப்பாண அரசர் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் தமிழ் வைத்திய நூல்களும் நமக்குண்டு. கொழும்பிலே 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றியது. 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் சித்த, யுனானி வைத்தியங்களையும் தன்னுள் அடக்கி, வைத்தியரைப் பதிவுசெய்ய வகைசெய்தது.

இத்தகைய வைத்தியத்தை இன்று பலர் வைத்தியனின்றியே கைக்கொள்கின்றனர். அயலவருக்குக் குணமளித்த கசாயத்தைத் தாமும் வாங்கிக் குடிக்கின்றனர். நாட்டு மருந்து நன்மை செய்யாவிடினும் தீமை செய்யாதென நம்புகின்றனர். இந்நம்பிக்கை பிழையானது. பண்டுதொட்டு வழங்கிவரும் ஈச்சுரமூலியை எடுத்துக்கொள்வோம். அவ்வினத்துக் கொடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்குமென்றும் புற்றுநோய்க்கு ஏதுவாகுமென்றும் இக்கால ஆராய்ச்சி நிறுவியுள்ளது. பாதரசம், ஈயம் முதலியன கலந்த மருந்துகளால் உடலில் நஞ்சேறியோரும் உளர். குணஞ்செய்யும் ஆற்றலுள்ள பொருளுக்குக் கேடுசெய்யும் ஆற்றலும் உண்டு.

ஆகவே, பதிவுபெற்ற வைத்தியரையே நாடுதல் வேண்டும். வேறு மருந்துகள் உண்பதாயின் அவரிடம் மறையாது கூறுதல் வேண்டும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் தாமாக எம்மருந்தும் உட்கொள்ளலாகாது. பாம்புக்கடி, மார்புவலி, கடுங்காய்ச்சல் முதலியவற்றில் ஒரு நாழிகையும் தாழ்த்தாது அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஆளறிந்து மருந்தளிப்பதே ஆயுள்வேதத்தின் அறிவு. ஆளறியாது அதனை உண்பவர் அவ்வைத்தியத்தைப் பின்பற்றுபவர் ஆகார்.