டி-ஷர்ட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள்!

போன மாதம் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கறுப்பு டி-ஷர்ட். மார்பில் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று ஹார்லி டேவிட்சன் முத்திரை.

"ஏண்டா, எப்போ இந்த வண்டி வாங்கினே?" என்றேன்.

"வண்டியா? அதுக்கு லட்சக்கணக்கில ஆகும் பெரியம்மா. அப்பாவோட பழைய வண்டியிலதான் வந்தேன். இப்போதைக்கு டி-ஷர்ட் மட்டும்தான்!" என்று சிரித்தான்.

விலையைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணத்துக்குத் திருப்பூர் பனியன் துணியில் வீட்டில் நாலு பேருக்கும் எடுத்திருக்கலாம்!

வண்டியே வாங்காதவனிடம் வண்டிக் கம்பெனி எப்படிக் காசு பார்க்கிறது? கேளுங்கள், சுவாரஸ்யமான கதை.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 1903-ல் பிறந்தது ஹார்லி. அதற்குப் பெரிய போட்டியாக இருந்தது 'இந்தியன்' என்ற கம்பெனி. (பெயர்தான் இந்தியன், ஊர் அமெரிக்காதான்!) அது 1953-ல் உற்பத்தியை நிறுத்தியதும் ஹார்லி தனிக்காட்டு ராஜா. எல்லாம் ஆறு வருஷம்தான். 1959-ல் ஜப்பானிலிருந்து ஹோண்டா வந்து லாஸ் ஏஞ்சல்ஸில் கடை விரித்தது.

அந்தக் காலத்தில் அங்கே மோட்டார் சைக்கிள் என்றாலே தோல் சட்டை போட்ட முரட்டு ஆசாமிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஹோண்டா என்ன செய்தது தெரியுமோ? 1963-ல் வந்த விளம்பரங்களில் தன் சின்னஞ்சிறு வண்டிமேல் குடும்பத் தலைவிகளையும், அம்மாவையும் பிள்ளையையும், இளம் தம்பதிகளையும் உட்கார வைத்தது. நல்ல மனிதர்கள் ஏறும் வண்டி இது என்று சொல்லாமல் சொன்னது. நம்மைப் போன்றவர்களைக் காட்டியே விற்றார்கள், பாருங்களேன்!

சின்ன வண்டியில் கால் ஊன்றிய ஜப்பான்காரர்கள் பிறகு பெரிய வண்டிக்கும் வந்துவிட்டார்கள். ஹார்லியோ 1969-ல் வேறொரு கம்பெனியின் கைக்குப் போய், தரம் குறைந்து கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. 1981-ல் அங்கே வேலை பார்த்த அதிகாரிகள் பதின்மூன்று பேர் சேர்ந்து அதை வாங்கினார்கள். 1983-ல் அமெரிக்க அரசு வெளிநாட்டுப் பெரிய வண்டிகள்மீது வரியை ஏற்றிக் கைகொடுத்தது. அதே ஆண்டில் ஹார்லி, வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது. சேர்ந்தால் பேட்ஜ், சட்டையில் தைக்கும் முத்திரை, கூட்டமாக ஊர்வலம்!

அப்புறம் பெயரே சரக்காகிவிட்டது. ஜாக்கெட், டி-ஷர்ட், பெல்ட். சென்ட்டு பாட்டிலில்கூட ஹார்லி பெயர்! ஒரு சிகரெட்டுக்கும் பெயரைக் கடன் கொடுத்துவிட்டு, பிற்பாடு அந்தக் கம்பெனியோடு கோர்ட்டு வாசல் ஏறினார்கள். 1994-ல் எஞ்சினின் 'தடதட' சத்தமே எங்கள் சொத்து என்று பதிவு செய்யப் போனார்கள். போட்டிக் கம்பெனிகள் எதிர்த்து வழக்காடின. 2000-ல் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். சத்தத்துக்குப் பட்டா கேட்ட கதை!

நம் நாட்டுக்கு 2009-ல் வந்த ஹார்லி, 2020-ல் தன் தொழிற்சாலையை மூடியது. ஆனால் பெயர் போகவில்லை. ஹீரோவோடு ஒப்பந்தம். அதில் வண்டியோடு சட்டை துணிமணி விற்பதும் உண்டு. நம் திருவொற்றியூரில் 1950களிலேயே வேர்விட்ட என்ஃபீல்டும் சளைக்கவில்லை. புல்லட்டோடு ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ், பெண்களுக்கென்று தனி அளவு எல்லாம் விற்கிறது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. சாமான் எல்லாம் ஒரே முத்திரையோடு ஒரே கடையில் தொங்கும். ஆனால் ஒன்று அலங்காரம், ஒன்று கவசம். டி-ஷர்ட் தார் ரோட்டில் ஒரு தேய்ப்புக்குத் தாங்காது. தோல் மாதிரி பளபளக்கும் எல்லா ஜாக்கெட்டும் கவசமாகிவிடாது. தோளிலும் முழங்கையிலும் கைவைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே கழற்றி மாட்டும்படி கெட்டியான அட்டைகள் இருக்கவேண்டும், அவற்றில் தரக்குறியும் இருக்கவேண்டும். இல்லையென்றால் அது குளிருக்குப் போடும் சட்டை, அவ்வளவுதான்.

ஹெல்மெட்டில் எந்தக் கம்பெனி படம் இருந்தால் என்ன? ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி குற்றம். தாடைப் பட்டையை மாட்டாமல் தலையில் சும்மா கவிழ்த்துக்கொண்டு போவதில் பிரயோஜனமில்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் ஓய்வு பெற்றுவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, நம் புடவை விஷயம். பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம், கால் வைக்கும் கட்டை, பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் வண்டியில் இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் காப்பது அந்தத் தடுப்புதான். "லுக்கு போயிடுதும்மா" என்று பிள்ளைகள் முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான்!

இதையெல்லாம் தங்கை மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரி, வாங்க பெரியம்மா, மார்க்கெட்ல இறக்கி விடறேன்" என்று எழுந்தான். ஹெல்மெட்டை எடுத்து மாட்டினான். திருப்பிப் பார்த்தேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது.

"எனக்கு எங்கேடா?" என்றேன்.

திருதிருவென்று விழித்தான். நான் ஆட்டோவில் போனேன்.